முதுகுக்கு எட்டாத மஞ்சள்

லோனாவாலாவிலிருந்து பூனாவுக்குப் போகும் லோக்கல் ரயில் தேஹு ரோடு ஸ்டேஷனில் வந்து நிற்பதற்குள் பவுன் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். காலைச் சாப்பாட்டோடு விழுங்கிய மாத்திரை வயிற்றைப் புரட்டிக்கொண்டிருந்தது. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, முகத்தில் குளித்த மஞ்சளின் மினுமினுப்பு, முழங்கை மறைய நீளக் கை வைத்த ரவிக்கை, அதற்கு மேல் தலைப்பைக் கழுத்தோடு சுற்றிய சேலை. இத்தனைக்கும் நடுவில் அந்தக் கறுப்புக் கண்ணாடி. பெண்கள் பெட்டியில் ஏறியதும் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"பஸா மாவ்ஷி, பஸா" என்று மராத்தியில் உட்காரச் சொல்லிப் பூக்கூடைக்காரி ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். கண் ஆபரேஷன் ஆன பெண் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

பவுன் அதைத் திருத்தவில்லை. உண்மையைச் சொன்னால் கொடுத்த இடத்தை அவள் பிடுங்கிக்கொள்ள மாட்டாள். ஆனால் அவளே எழுந்து வேறு பக்கம் போய்விடுவாள். அப்படி எத்தனை பேர் எழுந்து போய்ப் பவுன் பார்த்துவிட்டாள்!

முதலில் முழங்கையில் ஒரு காசளவு வந்தது. வெள்ளி மாதிரிச் செதில் செதிலாக உதிர்ந்தது. பிறகு முழங்கால், கணுக்கால், உள்ளங்கை, முதுகு என்று ஊர்ந்து ஊர்ந்து உடம்பையே பிடித்துக்கொண்டது. ஊர்ப்பக்கத்து வைத்தியர் காளாஞ்சகப் படை என்று சொல்லி எண்ணெய் கொடுத்தார். டிஸ்பென்சரி டாக்டர் சோரியாசிஸ் என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார். தேஹு ரோடு குவார்ட்டர்ஸ் பெண்கள் மட்டும் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் அவர்கள் குடங்கள் தள்ளிப் போயின.

கணவன் மாடசாமி வெடிமருந்துக் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கும் தொழிலாளி. வாய் அதிகம் பேசாதவர். காலையில் எழுந்தால் படுக்கை விரிப்பெல்லாம் தன் உடம்பின் செதில் கிடப்பதைப் பார்த்துப் பார்த்துக் கூசிப்போய், ஒரு நாள் பவுன் தன் பாயை அடுக்களைக்கு எடுத்துப் போய்விட்டாள். கதவையும் சாத்திக்கொண்டாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்பார் என்று அவள் எத்தனை நாள் காத்திருந்தாள் என்பது அந்த அடுக்களைச் சுவருக்குத்தான் தெரியும். அதன் பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன. விடிவதற்கு முன்னால் எழுந்து தன் உடம்பின் உதிர்வைத் தானே பெருக்கித் தள்ளுவதில் அவளுடைய நாள் தொடங்கும். பாதி அலுப்பு அப்போதே வந்துவிடும்.

இப்படியே ஓட்டியிருப்பாள். மகள் ஜான்சியைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குத்தான் அவளுக்கு விழிப்பு வந்தது.

மாப்பிள்ளை ரவிசந்திரனுக்குச் சிஞ்ச்வாடில் வேலை. கட்கியில் வீடு. அவனுடைய அம்மா வனஜாவுக்கும் திருநெல்வேலிப் பக்கம்தான். பொண்ணைப் பிடித்துவிட்டது என்று வாய் நிறையச் சொன்ன அந்த அம்மாள், பவுன் நீட்டிய காபியை வாங்கித் தரையில் வைத்தாள். வைத்தது வைத்தபடி ஆடை படர்ந்து ஆறிப்போயிற்று. கிளம்பும்போது வாசலில் நின்று மெதுவாகக் கேட்டாள்.

"மைனி, தப்பா நெனைக்காதீங்க. ஒங்க கைக்கு வைத்தியம் பாக்கியளா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மைனி. ஒட்டுற நோய் இல்லன்னு டாக்டர் சொல்லியிருக்காவ."

"சரிதான். நமக்குத் தெரியும், ஊருக்குத் தெரியுமா? தாரை வாக்கும்போது எங்க சொந்தமெல்லாம் அந்தக் கையத்தான் பாக்கும். தையிலதான கல்யாணம், அதுக்குள்ள சரியாச்சுன்னா நீங்களே ஊத்துங்க. இல்லன்னா ஒங்க நாத்தனா ஊத்தட்டும். என்ன சொல்லுதீங்க?"

பவுன் தலையை ஆட்டினாள். பெற்ற மகளைத் தாரை வார்க்கும்போது புருஷன் கையில் செம்புத் தண்ணீரை ஊற்றுகிற அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே ஒரு தாய் இருபத்திரண்டு வருஷம் பெண்ணை வளர்க்கிறாள்! அந்தச் செம்பை இன்னொருத்தி பிடிப்பதா? அன்று முழுவதும் அவள் தன் உள்ளங்கைகளை முந்தானைக்குள் சுருட்டியே வைத்திருந்தாள்.

ஆனி மழையில் புது வைத்தியம் தொடங்கியது. பூனாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. சிவாஜி நகரில் இறங்கி ரிக்‌ஷா பிடிக்க வேண்டும். தோல் பிரிவில் டாக்டர் பாட்கர் என்று ஒரு நரைத்த தலை அம்மாள் இருந்தார். நல்லவர்தான், ஆனால் வாசலில் நிற்கும் கூட்டம் அவரை நிமிரவே விடாது. புற ஊதா ஒளி என்று ஒரு சிகிச்சை, பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்றார். ஒளிக்கு முன்னால் மாத்திரை. மாத்திரை போட்ட நாளில் வெயில் படக் கூடாது, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி வேண்டும்.

டாக்டர் கேட்பதை ஜான்சி பக்கத்தில் நின்று தமிழில் சொல்லுவாள். அவளுக்கு இந்தி தண்ணீர் பட்ட பாடு. தமிழ்தான் தடுக்கும்.

"அம்மா, டாக்டர் கேக்குறாங்க, பாடில ஏதாச்சும் லகாத்தி ஹோ க்யான்னு. க்ரீம், தேல், பவுடர், ஏதாச்சும் போடுதியா?"

"ஒண்ணும் போடலன்னு சொல்லு. பழைய களிம்பையெல்லாம் தூக்கி எறிஞ்சாச்சு."

அவள் பொய் சொல்லவில்லை. பவுன் பொய் சொல்லத் தெரியாத பிறவி.

அந்த மிஷின் பீரோ மாதிரி இருந்தது. உள்ளே நாலு பக்கமும் ஆளுயர ட்யூப்லைட்டுகள். துணி இருக்கும் இடத்தில் ஒளி ஏறாது என்று ஆயா சொன்னபோது பவுன் கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சிப் பார்த்தாள். நடக்கவில்லை. கதவைச் சாத்திய பிறகு, ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சேலையைக் கம்பியில் போட்டுவிட்டுக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். ஊதா வெளிச்சம் இமைக்குள்ளும் வந்தது. சூடு, ஒரு காந்தல் வாடை, விசிறியின் இரைச்சல். கட்டிய புருஷனுக்கே காட்டாமல் மூடி வைத்த உடம்பை இந்த விளக்குகளுக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறோமே என்று முதல் நாள் அழுதாள். போகப் போக அழக்கூடத் தெம்பில்லை.

ஆடி போயிற்று. ஆவணியில் கணபதி வந்தார், தண்ணீரில் கரைந்தார். ஐப்பசியும் வந்தது. கையில் செதில் அப்படியே இருந்தது. டாக்டர் ஒவ்வொரு முறையும் முழங்கையையும் உள்ளங்கையையும் முழங்காலையும் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். "இந்தத் தோலுக்கு இன்னும் கொஞ்சம் ஒளி வேண்டும்" என்று எழுதுவார். ஆயா ஒளியின் நேரத்தைக் கூட்டி வைப்பாள். மாத்திரைக் குமட்டல், லோக்கல் நெரிசல், ஆஸ்பத்திரி பெஞ்சு, வீட்டுக்கு வந்தால் சமையல். செவ்வாய் முடிந்தால் வெள்ளி. வெள்ளி முடிந்தால் செவ்வாய்.

குழாயடியில் அடுத்த வீட்டுக்காரி ஒருத்தி, "என்னக்கா, ஹீரோயின் மாதிரி கண்ணாடியெல்லாம் போட்டுக்கிட்டு போறிய, எப்பக்கா படம் ரிலீசு?" என்று கேட்டாள்.

"தையில ரிலீசு. நீ மொத ஷோவுக்கு வந்துரு" என்றாள் பவுன். சிரித்தபடிதான் சொன்னாள். வீட்டுக்குள் வந்ததும் குடத்தை இறக்கக்கூடக் கை எழவில்லை.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஊரிலிருந்து ஃபோன் வந்தது. மாடசாமியின் பெரியப்பா தவறிவிட்டார். மாடசாமி மட்டும் அன்றைக்கே ரயிலேறிப் போய், துக்கத்துக்குத் தலையைக் காட்டிவிட்டு உடனே திரும்பி வந்தார். பங்காளி வீட்டுச் சாவு. பதினாறு கழியும் வரை அவர்கள் வகைப் பெண்கள் மஞ்சள் தேய்த்துக் குளிப்பதில்லை. பவுனும் வெறும் தண்ணீரில் குளித்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமையும் வழக்கம் போல மாத்திரை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வழக்கமான நேரம் பீரோவுக்குள் நின்றாள். வழக்கம் போலத் திரும்பி வந்தாள்.

அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் தோல் லேசாகச் சிவந்தது. அதற்கு மறுநாள் உடம்பே தணலாகிவிட்டது. கை, மார்பு, வயிறு, கால் எல்லாம் நெருப்பில் வாட்டியது போலச் சிவந்து, இடையிடையே நீர் கோத்துக் கொப்புளம் எழும்பியது. சேலை பட்டால் அலறினாள். ஜான்சி வெடிமருந்துக் கிடங்கு வாசலுக்கு ஓடி அப்பாவை அழைத்து வந்தாள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு போன மாடசாமி, எங்கே அலைந்தாரோ, ஒரு கட்டு வாழை இலையோடு வந்தார். அம்மை கண்டவர்களுக்கு விரிப்பது போல அடுக்களைத் தரையில் விரித்தார். ஜான்சியை வெளியே போகச் சொன்னார்.

"திரும்பிப் படுட்டி. வயித்துப் பக்கம் இலைல படட்டும், குளிச்சியா இருக்கும்."

"வேண்டாங்க. நீங்க போங்க. நானே படுத்துக்கிடுதேன்."

"கிழிஞ்சுது. கையவே தூக்க முடியல, நீ படுத்தே!"

எத்தனை வருஷம்! எத்தனை வருஷம் அவள் மூடி மூடி வைத்த உடம்பு! தடுக்கக் கையில்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள். பீரோவுக்குள் மூடிக்கொண்ட அதே மாதிரி. அவர் சேலையை மெதுவாக உரித்து எடுத்து, அவளைப் புரட்டி இலைமேல் கிடத்தினார். விசிறியை எடுத்தார். விசிறிக் காற்று வந்தது. பிறகு நின்றுவிட்டது.

அருவருத்துவிட்டார், எழுந்து போகப் போகிறார் என்று நினைத்தாள் பவுன்.

"ஏட்டி."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"ஏட்டி பவுனு, ஒன் முதுகுல ஒண்ணுமே இல்லியே!"

"என்ன சொல்லுதீங்க?"

"செதிலும் இல்ல, புண்ணும் இல்ல. நல்லாக் கறுத்து, வழுவழுன்னு கெடக்கு. நடு முதுகு பூரா. சுத்தி ஓரத்துலதான் படை இருக்கு." அவர் விரலால் தொட்டுக் காட்டினார். வலிக்கவில்லை. அந்த இடம் எரியவும் இல்லை. அப்போதுதான் அவளுக்கே நினைவு வந்தது. முன்பெல்லாம் அரிப்புத் தாங்காமல் கதவு நிலையில் முதுகைத் தேய்ப்பாளே, அதை எப்போது நிறுத்தினாள்?

ஆட்டோ பேசி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். டாக்டர் பாட்கர் முன்பக்கத்தைப் பார்த்துப் பதறிவிட்டார். முதுகைப் பார்த்ததும் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் முறையாக அவசரமில்லாமல் கேட்டார். மற்ற நாளெல்லாம் செய்து, இந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் செய்யாமல் விட்டது என்ன?

ஜான்சி கேட்டுச் சொன்னாள். பவுன் யோசித்துப் பார்த்தாள். எழுந்தாள், பெருக்கினாள், குளித்தாள்.

"ஒண்ணும் விடலம்மா. தீட்டுன்னு மஞ்ச தேச்சுக் குளிக்கல. அவ்வளவுதான்."

"என்ன மஞ்சள்? முகத்துக்குத்தானே?" என்றார் டாக்டர் இந்தியில்.

"மொகத்துக்கு மட்டும் எப்படிப் போதும்? செவ்வா, வெள்ளி ஒடம்பு பூரா தேச்சுத்தான குளிக்கணும். ஒரசி, நல்லாக் கெட்டியா எடுத்து, செத்த நேரம் ஊறவிட்டு..."

டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார். உடம்பில் ஏதாவது தடவுகிறீர்களா என்று எத்தனை முறை கேட்டேன் என்றார். கோபமாகக்கூட அல்ல, களைத்துப்போய்.

"அது தடவுறது இல்ல டாக்டர், குளிக்கிறது" என்றாள் பவுன். கண்ணில் நீர் முட்டியது.

நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆனால் அந்த மஞ்சள் ஒரு திரை மாதிரி நின்று ஒளியைத் தடுத்திருக்க வேண்டும். திரை இருப்பது தெரியாமல் நான் ஒளியைக் கூட்டிக்கொண்டே போனேன். திரை விலகிய அன்று மொத்தமும் தோலில் இறங்கிவிட்டது. முதுகில் திரையே இல்லை. அதனால் அது முதலிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குணமாகி, ஒளிக்கும் பழகிவிட்டது. இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கேட்டார்: "முதுகுக்கு மட்டும் ஏன் மஞ்சள் பூசவில்லை?"

ஜான்சி அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பவுனுக்குப் புரிந்துவிட்டது. அவள் கை அதற்கு எட்டாது. தேய்த்துவிட வேறு கை கிடையாது. இதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது? தலை குனிந்து நின்றாள். பின்னால் நின்ற மாடசாமியும் தலை குனிந்துகொண்டார்.

காயம் ஆறட்டும், பிறகு ஒளியை அடியிலிருந்து தொடங்கலாம், அதுவரையும் அதன் பிறகும் மஞ்சள் கூடாது. இதுதான் டாக்டரின் முடிவு. தைக்குள் கை சுத்தமாகுமா என்று ஜான்சி கேட்டாள். டாக்டர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். அதுதான் பதில்.

வீட்டில் மறுபடியும் இலைப் படுக்கை. மாடசாமி லீவு போட்டுவிட்டு விசிறிக்கொண்டிருந்தார். மத்தியான வெயில் ஜன்னல் ஓரம் வந்து நின்றது.

"மஞ்சள விடச் சொல்லுதாவ" என்றாள் பவுன்.

"விட்டுரு."

"லேசா சொல்லிட்டிய. நீங்க போறது வெடிமருந்துக் கெடங்கு. காலைல நீங்க சைக்கிள எடுத்தா சாயங்காலம் மணி அடிக்கிற வரைக்கும் என் உசுரு என்கிட்ட இல்ல. அந்த மஞ்சளாலதான் நீங்க திரும்பி வாரியன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

"அப்படியா? அப்ப எங்க ஃபோர்மேன் பஞ்சாபி. அவன் பொண்டாட்டி மஞ்சளப் பாத்ததே கெடையாது. அவன் எப்பிடித் தெனமும் திரும்பி வாரான்? அதுவும் ஒன் மஞ்சளாலயா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு எரிந்தது.

விசிறியைக் கை மாற்றிக்கொண்டு அவர் வேறு குரலில் கேட்டார். "முதுகு தேய்க்க ஒரு நாளு என்னையக் கூப்பிட்டிருக்கலாம்லா?"

"கூப்பிட்டா வந்திருப்பியளா?"

"நீ கதவச் சாத்திக்கிட்ட. நான் வேண்டாம்னுதான் சாத்துதன்னு நெனச்சேன்."

"நீங்க அருவருத்துருவியன்னு சாத்துனேன்."

விசிறி ஓடியது. இருவருக்கும் நடுவில் இத்தனை வருஷமாக நின்றது வெறும் பலகைக் கதவு. அதற்குத் தாழ்ப்பாள்கூடச் சரியாக விழாது! அழுவதா, சிரிப்பதா என்று தெரியாமல் கிடந்தாள் பவுன். பிறகு மெல்லச் சொன்னாள்.

"வராததும் நல்லதாப் போச்சு. வந்து தேச்சிருந்தா முதுகும்லா போயிருக்கும்."

இந்த முறை அவரும் சிரித்துவிட்டார்.

தை பிறந்தது. கொப்புளம் ஆறிய இடமெல்லாம் திட்டுத் திட்டாகக் கறுத்து, உள்ளங்கையில் பழைய வெடிப்பு அப்படியே இருந்தது. கோயிலை ஒட்டிய மண்டபத்தில் கல்யாணம். பவுன் மணவறைக்குப் பின்னால் தூணோரமாக நின்றுகொண்டாள். பேசியது பேசியபடி, செம்பு மாடசாமியின் தங்கை கையில் இருந்தது. பவுனுக்கு வருத்தம் என்று சொல்லவும் தெம்பில்லை. ஆனி மாசத்திலிருந்து ஓடிய ஓட்டம் எல்லாம் கால்களில் வந்து இறங்கியிருந்தது.

ஐயர், பெண்ணின் தகப்பனாரைக் கையை நீட்டச் சொன்னார். மாடசாமி ஜான்சியின் கையைப் பிடித்தார். பிடித்தவர் நீட்டவில்லை.

"நீட்டும்யா" என்றார் ஐயர்.

"எம் பொண்டாட்டி வரட்டும், நீட்டுதேன்."

தங்கை செம்போடு விழித்தாள். வனஜா முன்வரிசையில் எழுந்து நின்றுவிட்டாள். வாய் அதிகம் பேசாத அந்த மனிதர் கூட்டத்தைப் பார்க்காமல், தூணைப் பார்த்துச் சொன்னார். "ஏட்டி, வா. நேரம் ஆவுதுல்லா?"

வனஜாவின் முகத்தில் கோபம் வந்தது, போனது. மேளக்காரர் கையை ஓங்கியபடி காத்திருந்தார். கடைசியில் அவள் சலிப்போடு கையை வீசினாள். "முகூர்த்தம் தப்புது. வந்து ஊத்துங்க மைனி, போதும்!"

அது அன்பினால் வந்த வார்த்தை இல்லை. பவுனுக்கு அது தெரியும். ஆனாலும் வந்தாள். செம்பை வாங்கினாள். புருஷன் கை, அதன் மேல் மகள் கை, அதை ஏந்திய மாப்பிள்ளையின் கை. தண்ணீரை ஊற்றினாள். விளிம்பில் வழிந்த நீர் அவள் உள்ளங்கை வெடிப்புகளில் இறங்கிச் சுரீர் என்று எரிந்தது. பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. மகளைப் பிரியும் அழுகை என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அதுவும்தான்.

அதன் பிறகு அவள் அடுக்களையில் படுக்கவில்லை. வைத்தியமும் முடியவில்லை. மஞ்சளைத் தாலிக் கயிற்றோடு நிறுத்திக்கொண்டாள். ஒளி இறங்கியது, செதில் குறைந்தது, வந்தது, மறுபடி குறைந்தது. இரண்டாயிரமாவது வருஷம் பிறந்து நாலு வருஷம் போன பிறகு, மாத்திரை தேவையில்லாத புது ஒளி சிஞ்ச்வாடிலேயே வந்துவிட்டது. அந்தக் கோடையில் கைகள் சுத்தமாகவே தெளிந்திருந்தன. கட்கியிலிருந்து வந்த வனஜா, "காபி போடுங்க மைனி" என்று தானே கேட்டு வாங்கி, டம்ளரின் அடி தெரியக் குடித்துவிட்டுப் போனாள். எத்தனை நாள் கனவு அது! சந்தோஷத்தில் அழுதுவிடுவோம் என்று நினைத்திருந்தாள் பவுன். அழுகை வரவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் படுத்துக்கொண்டாள்.

மழை பிடித்ததும் இடது முழங்கையில் ஒரு காசளவு மறுபடி வந்தது. மாடசாமிதான் முதலில் பார்த்தார். இப்போது அவர் ரிட்டையர் ஆகிவிட்டார். "சரி, கெளம்பு" என்றார்.

செவ்வாயும் வெள்ளியும் இருவரும் ஒன்றாக லோக்கலில் போகிறார்கள். பெண்கள் பெட்டியில் அவர் ஏற முடியாது என்பதால் பொதுப் பெட்டி. நெரிசல். வாழ்நாளெல்லாம் பெட்டி தூக்கிய அவர் முழங்கால்கள் நிற்க விடுவதில்லை. புது ஒளிக்கு வழியில் கண்ணாடி போட வேண்டியதில்லை. ஆனாலும் ரயில் வருவதற்குள் பவுன் பையிலிருந்து அந்தப் பழைய கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறாள்.

"பஸா, ஆயி" என்று யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். அவள் மாடசாமியின் கையைப் பிடித்து இழுத்து அந்த இடத்தில் உட்கார வைப்பாள்.

"ஏட்டி, கண்ணு தெரியாதவ நிக்கா, நான் உக்காந்திருக்கேன். பாக்கிறவன் என்ன நெனப்பான்?"

"நெனச்சுட்டுப் போறான். காலை நீட்டி உக்காருங்க" என்பாள் பவுன், கம்பியைப் பிடித்துக்கொண்டு.